ஏழு கிலோ வெள்ளி, அதுல வெள்ளி எவ்வளவு?

போன ரம்ஜான் லீவுக்கு மேல்விஷாரம் போயிருந்தப்போ ஒரு ஃபோன் வந்தது. ஸ்கூல்ல என்கூடப் படிச்சவன், இப்போ சென்னையில ஐடி வேலை. "மச்சான், வீட்டுல பாகம் பிரிக்கிறோம். பழைய வெள்ளி சாமான் கொஞ்சம் இருக்கு. நீ சிஏ தானே, வந்து ஒரு வேல்யூ போட்டுக் குடுத்துட்டுப் போ."

சிஏ படிச்சவனுக்கு எல்லாத்துக்கும் விலை தெரியும்னு எங்க ஊர்ல ஒரு நம்பிக்கை. எனக்கு வெள்ளி பத்தித் தெரிஞ்சது கொஞ்சம்தான். அதையும் காசு கொடுத்துக் கத்துக்கிட்டேன். ஆர்ட்டிகிள்ஷிப் முடிச்ச புதுசுல சென்னையில ஒரு ஏலக்கடையில "விக்டோரியா காலத்து சில்வர்"னு சொல்லி ஒரு மெழுகுவத்தி ஸ்டாண்ட் வாங்கினேன். 8,500 ரூபாய். அன்னிக்கு அது எனக்குக் கிட்டத்தட்ட ஒரு மாச ஸ்டைபெண்ட். ரெண்டு வருஷம் கழிச்சு விக்கப் போனா, வாங்குறவர் அதைத் திருப்பிப் பார்த்துட்டு, "தம்பி, இது வெள்ளியே இல்ல, முலாம்"னு சொல்லிட்டார். அடியில நாலு ஆங்கில எழுத்து இருந்தது: ஈ, பி, என், எஸ். அது என்னன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சது. இன்னிக்கும் அந்த ஸ்டாண்ட் என் டேபிள்ல பேனா வைக்க உதவுது.

நண்பன் வீட்டு ஹால்ல பாயை விரிச்சு எல்லாத்தையும் பரப்பி வச்சிருந்தாங்க. டீ பாட், பால் ஜக், சர்க்கரைக் கிண்ணம். ஒரு பெரிய தட்டு. ஒரு ஜோடி மெழுகுவத்தி ஸ்டாண்ட். ஸ்பூனும் ஃபோர்க்கும் சேர்த்து 18. கத்தி 12. அவன் ஏற்கெனவே தோல் ஷெட்டுல இருந்து எலக்ட்ரானிக் தராசு கொண்டுவந்து நிறுத்து, பேப்பர்ல எழுதி வச்சிருந்தான். டீ செட் 1,340 கிராம், தட்டு 2,600, ஸ்டாண்ட் ரெண்டும் 1,150, ஸ்பூன் வகை 950, கத்தி 960. மொத்தம் சரியா ஏழு கிலோ. வெள்ளி விலை தினம் ஆடுது, அதனால இந்தக் கட்டுரை முழுக்க கணக்குக்காக கிராம் 200 ரூபாய்னு வச்சுக்கறேன். அவன் கணக்குப்படி 14 லட்சம்.

அத்தா காலமாகிட்டார், அம்மா அவருக்கு முன்னாடியே போயிட்டாங்க. இவனும் ஒரு தங்கச்சியும்தான் வாரிசு. அவங்க முறைப்படி மகனுக்கு ரெண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு. ஏழு கிலோவுல மூணுல ஒண்ணுன்னா 2,333 கிராம். "தட்டு 2,600 இருக்கு. அது அவளுக்கு. கொஞ்சம் கூடவே போகட்டும், தங்கச்சிதானே"ன்னான். நல்ல மனசோடதான் சொன்னான். அதை நான் இங்க அழுத்திச் சொல்றேன், ஏன்னா அடுத்து வர்றதைப் படிச்சா அவன் ஏமாத்தப் பார்த்தான்னு தோணும்.

தட்டைத் திருப்பினேன். அதே நாலு எழுத்து.

முலாம் எப்படி வீட்டுக்குள்ள வந்தது

1840-ல பர்மிங்ஹாம் நகரத்து எல்கிங்டன் கம்பெனி மின்சாரத்தால முலாம் பூசுற முறைக்குப் பேட்டன்ட் வாங்கினாங்க. செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த ஒரு உலோகம். அதுக்குப் பேரு நிக்கல் சில்வர், ஆனா அதுல சில்வர் ஒரு துளிகூடக் கிடையாது. அது மேல மெல்லிசா வெள்ளி ஏத்தினா, பார்வைக்கு நிஜ வெள்ளிக்கும் இதுக்கும் வித்தியாசமே தெரியாது. விக்டோரியா ராணி ஆண்ட 1837-லிருந்து 1901 வரைக்கும் இங்கிலாந்துல நடுத்தரக் குடும்பங்கள் பெருகின காலம். பிரபு வீட்டு மேஜை மாதிரி நம்ம மேஜையும் இருக்கணும், ஆனா பட்ஜெட் இல்ல. இன்னிக்கு நம்ம இஎம்ஐ-ல ஐஃபோன் வாங்குற அதே மனசுதான். அந்தச் சாமான் கப்பல் கப்பலா இந்தியாவுக்கும் வந்தது.

அதனாலதான் பழைய வீட்டு பீரோவுல "பாட்டன் காலத்து வெள்ளி"னு இருக்கிறதுல நிறைய இந்த வகை. முலாம்ல இருக்கிற வெள்ளியைப் பிரிச்செடுக்கிற செலவுக்கே அதோட விலை போயிடும். எடைக்கு எடுக்கிற கடையில இதுக்குக் கிடைக்கிறது பழைய உலோகத்தோட விலைதான்.

தட்டோட விளிம்பைப் பார்த்தாலே தெரிஞ்சிருக்கும். தேய்ஞ்ச இடமெல்லாம் லேசா மஞ்சள் கலந்த சாம்பல் நிறம். இதுக்கு எங்க ஊரே ஒரு காரணம். தோல் பதனிடும்போது முடியை எடுக்க சுண்ணாம்போட சோடியம் சல்ஃபைடு போடுவாங்க. அதுல இருந்து வர்ற கந்தக வாயு காத்துல இருந்தா வெள்ளி சீக்கிரம் கறுத்துடும். கறுத்தா பாலிஷ். திரும்பக் கறுத்தா திரும்பப் பாலிஷ். மேல்விஷாரம், ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் பழைய வெள்ளியில முத்திரை மழுங்கி இருந்தா ஆச்சரியப்படாதீங்க. (உங்க வீட்டுல வெள்ளி இருந்தா ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைக்காதீங்க. ரப்பர்லயும் கந்தகம் இருக்கு, போட்ட இடத்துல கோடு விழும்.)

நகைக்கடை டெஸ்டிங் மெஷினை நம்பலாமேன்னு கேப்பீங்க. அது மேல்பரப்பைத்தான் படிக்கும். முலாம் நல்லா இருந்தா நிஜ வெள்ளி மாதிரியே டச் காட்டும். கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில அரத்தால லேசா ராவி, உள்ளே இருக்கிறதை ஆசாரி உரசிப் பார்த்தாதான் உண்மை. ஆனா முத்திரை கிட்ட ராவ விடாதீங்க.

சிங்கமும் நங்கூரமும்

ஸ்பூன்களைக் கையில எடுத்தேன். காம்புக்குப் பின்னாடி சின்னச் சின்ன முத்திரைகள். ஃபோன் கேமராவுல ஜூம் பண்ணினா ஒரு கால் தூக்கி நடக்கிற சிங்கம், சிறுத்தைத் தலை, ஒரு எழுத்து, ஒரு பெண் தலை, அப்புறம் செஞ்சவரோட முதலெழுத்துகள். நடக்கிற சிங்கம்னா ஸ்டெர்லிங், அதாவது ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி. சிறுத்தைத் தலைன்னா லண்டன்ல சோதிச்சது. நங்கூரம் இருந்தா பர்மிங்ஹாம், அந்தக் காலத்துல கிரீடம் இருந்தா ஷெஃபீல்டு. அந்த ஒத்தை எழுத்து எந்த வருஷம்னு சொல்லும், அதுக்கு அட்டவணை இருக்கு. ராணி தலை, வரி கட்டியாச்சுங்கிறதுக்கு அடையாளம். அந்த வரி முத்திரை 1784-ல தொடங்கி 1890-ல நின்னுடுச்சு. அதனால விக்டோரியா தலை தெரிஞ்சா அந்த ஸ்பூன் 1890-க்குப் பிந்தினது இல்ல. ஜிஎஸ்டி இன்வாய்ஸ்கூட இவ்வளவு தெளிவா இருக்காது.

ஸ்பூன் 950 கிராமும் நிஜம். ஸ்டாண்ட்லயும் சிங்கமும் நங்கூரமும் இருந்தது, ஆனா அங்க வேற சிக்கல். அடியில பச்சைத் துணி ஒட்டியிருந்தது. மெழுகுவத்தி ஸ்டாண்ட் சாயாம நிக்கணும்னு மெல்லிசா வெள்ளித் தகடு செஞ்சு உள்ளே தார் மாதிரி பிசின் ஊத்துவாங்க. முத்திரை சொல்றது தகட்டைப் பத்தி மட்டும்தான், உள்ளே ஊத்தினதைப் பத்தி இல்ல. கத்தியும் அப்படியே: பிடி மட்டும் வெள்ளித் தகடு, உள்ளே பிசின், முன்னாடி இரும்பு. மறுநாள் வேலூர்ல ஒரு ஆசாரிகிட்டக் காட்டினோம். ஸ்டாண்ட் ரெண்டுலயும் சேர்த்து 300 கிராம், 12 கத்தியிலயும் சேர்த்து 200 கிராம் தேறும்னார்.

கடைசியா டீ செட். அதுல சிங்கமும் இல்ல, ராணியும் இல்ல. அடியில மூணு எழுத்து: ஓ, ஆர், ஆர். நண்பனுக்கு இதுதான் போலின்னு சந்தேகம். எனக்கோ கை நடுங்கிடுச்சு.

பீட்டர் நிக்கோலஸ் ஆர் என்ற கடிகாரக்காரர் 1840-கள்ல சென்னையில தொழில் தொடங்கினார். அண்ணா சாலையில இன்னிக்கும் கடிகாரக் கடையா இருக்கிற பி. ஆர் அண்ட் சன்ஸ் அதுதான். 19-ம் நூற்றாண்டோட பின்பாதியில அவங்க வெள்ளி வேலைக்கும் பேர் போனவங்க. வடிவம் முழுக்க இங்கிலீஷ் டீ பாட், ஆனா உடம்பு சுத்தி நம்ம ஊர் சாமி உருவங்களைப் பின்னாலிருந்து தட்டித் தட்டிப் புடைப்பா எழுப்பியிருப்பாங்க. அதுக்குப் பேரே "ஸ்வாமி சில்வர்". 1875 டிசம்பர்ல வேல்ஸ் இளவரசர் சென்னை வந்தார், பின்னாடி ஏழாம் எட்வர்ட் ஆனவர். அந்த இந்தியப் பயணத்துல அவருக்கு வந்த பரிசுகள்ல இவங்க செஞ்ச ஸ்வாமி டீ செட்டும் ஒண்ணு. பிரிட்டிஷ் இந்தியாவுல வெள்ளிக்கு அரசாங்க ஹால்மார்க் முறையே கிடையாது. கடைக்காரர் தன் பேரைக் குத்துவார், அவ்வளவுதான். அதனால இந்தியாவுல செஞ்ச சாமான்ல சிங்கம் இல்லாதது குறையே இல்ல.

உரசிப் பார்த்ததுல டச் 92-ஐ ஒட்டி வந்தது. ஒரு விக்டோரியா வெள்ளி ரூபாயும் ஏறக்குறைய அதே டச்தான்: 11.66 கிராம், நூத்துக்கு 91.7 வெள்ளி. அந்தக் காலத்துல ரூபாய் நாணயத்தையே கொடுத்து உருக்கிச் செய்யச் சொல்றது சாதாரணம். இதுவும் அப்படியான்னு சொல்ல வழியில்ல.

இது எப்படி இந்த வீட்டுக்கு வந்தது? நம்ம பக்கத்துத் தோல் மண்டிகள் சென்னை பெரியமேடு வழியா லண்டனுக்குப் பாதி பதனிட்ட தோல் அனுப்பின காலம் ஒண்ணு இருந்தது. 1947-க்கு முன்னாடி ஊரைக் காலி பண்ணின ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்துக்கிட்ட தாத்தா மொத்தமா வாங்கினார்னு வீட்டுல சொல்வாங்க. ரசீது இல்ல. இஸ்லாத்துல வெள்ளிப் பாத்திரத்துல சாப்பிடறதும் குடிக்கிறதும் கூடாது, அதுலயும் இதுல சாமி உருவம் வேற. அதனால வந்த நாளிலிருந்து துணியில சுத்தி பீரோவுக்குள்ளதான். வருஷத்துக்கு ஒரு தடவை வெளியே வரும், பாலிஷ் போட, ஜகாத் கணக்குக்காக நிறுக்க.

அந்த ஜகாத் டைரியைப் பார்த்தப்போதான் ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசல. அவங்க அத்தா கையெழுத்துல ஒவ்வொரு ரம்ஜானுக்கும் "வெள்ளி 7 கிலோ", பக்கத்துல விலை, அதுக்கு இரண்டரை சதவீதம். தட்டுக்கும் சேர்த்து, பிசினுக்கும் சேர்த்து, கத்தி இரும்புக்கும் சேர்த்து கட்டியிருக்கார், முப்பது வருஷத்துக்கு மேல. "ரீஃபண்ட் கிடைக்குமாடா?"ன்னான். நான் சிரிச்சேன். அவன் சிரிக்கல.

இப்போ நிஜக் கணக்கு

டீ செட் 1,340, ஸ்பூன் 950, ஸ்டாண்ட் 300, கத்தி 200. கூட்டினா 2,790 கிராம். டச் 92.5-னு பொதுவா வச்சா சுத்த வெள்ளி சுமார் 2,580 கிராம். 200 ரூபாய்க்கு 5 லட்சத்து 16 ஆயிரம். 14 லட்சம் இல்ல. தங்கச்சிக்குக் "கொஞ்சம் கூடவே" போக இருந்த தட்டோட வெள்ளி மதிப்பு பூஜ்யம்.

அவங்க பங்கு 1 லட்சத்து 72 ஆயிரம். ஸ்பூன் செட் மட்டும் சுமார் 1 லட்சத்து 76 ஆயிரம். ஸ்பூனை அவங்களுக்குக் கொடுத்துட்டா முடிஞ்சதுன்னு தோணும். ஆனா டீ செட்டை 2 லட்சத்து 48 ஆயிரம்னு போடறது நியாயமா? அது உருக்கினா வர்ற விலை. கைவேலைக்கும் பேருக்கும் அதுக்கு மேல கொடுக்க ஆள் இருக்காங்க. லண்டன் ஏலங்கள்ல பி. ஆர் முத்திரை போட்ட சாமான் வர்றது வழக்கம்.

உடனே நண்பன், "துபாய்ல மச்சான் இருக்கான், அவன் லக்கேஜ்ல போட்டு அனுப்பிடலாமே"ன்னான். இதை யாரும் பண்ணிடாதீங்க. 1972-ம் ஆண்டு தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலச் சட்டம் 1976 ஏப்ரல் 5-ல இருந்து அமல்ல இருக்கு. நூறு வருஷத்துக்குக் குறையாத கலைப்பொருளோ கைவினைப்பொருளோ தொல்பொருள் ஆகலாம், அதைத் தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. மீறினா குறைஞ்சது ஆறு மாசம், அதிகபட்சம் மூணு வருஷம் சிறை, கூட அபராதம். "எங்க வீட்டுச் சொத்து"ங்கிற பதில் அங்க எடுபடாது. உள்நாட்டுல விக்கலாம், ஆனா தொல்பொருள் வாங்கி விக்கிற வியாபாரிக்கு லைசென்ஸ் வேணும். அதனால வெளிநாட்டு ஏல விலையை நெட்ல பார்த்துட்டு நம்ம வீட்டு டீ பாட்டுக்கும் அதே விலைன்னு கனவு காணாதீங்க. வாங்குற ஆள் இங்க குறைவு, அதனால விலையும் குறைவு.

அடுத்து வரி. இது என் ஏரியா. வீட்டுல சொந்தமாப் பயன்படுத்துற அசையும் பொருளை வித்தா மூலதன ஆதாய வரி கிடையாது, நகையும் கலைப்பொருளும் இந்தச் சலுகையில வராது. வெள்ளிச் சாமானுக்கு என்ன? "நாங்க புழங்குற பாத்திரம்"னு வாதாட இடம் இருக்கு. ஆனா 1976-ல மகாராஜா ராணா ஹேமந்த் சிங்ஜி வழக்குல உச்ச நீதிமன்றம், சொந்த உபயோகப் பொருள்னா அந்த நபர் நெருக்கமாவும் வழக்கமாவும் பயன்படுத்தியிருக்கணும்னு சொல்லிடுச்சு. அங்க பூஜையில வச்ச வெள்ளிக் காசும் வெள்ளிக் கட்டியும்கூடத் தேறல. நம்ம கேஸ்ல எழுபது வருஷமா ஒரு வாய் டீ அதுல குடிச்சதில்ல! மார்க்கப்படி குடிக்கக் கூடாதுன்னு வச்சிருந்ததை, வரி ஆபீசருக்கு முன்னாடி "தினமும் குடிச்சோம்"னு சொல்ல முடியுமா? முடியாது. ஆதாயம் காட்டி வரி கட்டுறதுதான் நிம்மதி.

பரம்பரைச் சொத்து, 2001-க்கு முன்னாடி வாங்கினது. அதனால 2001 ஏப்ரல் 1 சந்தை மதிப்பை அடக்க விலையா எடுத்துக்கலாம். அன்னிக்கு வெள்ளி கிலோ ஏழாயிரத்துச் சொச்சம். ஸ்பூன் செட்டுக்கு சுமார் 6,500 ரூபாய் வரும். 1 லட்சத்து 70 ஆயிரத்துக்கு வித்தா ஆதாயம் 1 லட்சத்து 63 ஆயிரத்து 500. 2024 ஜூலை 23-க்குப் பிறகு இண்டெக்சேஷன் போயிடுச்சு, 12.5 சதவீதம். செஸ் சேர்த்து சுமார் 21,250 ரூபாய். வேற வருமானமே இல்லாத ஒருத்தர் வித்தா, புது முறையில 4 லட்சம் அடிப்படை விலக்குக்குள்ள வந்து வரியே இருக்காது. சம்பளம் வாங்குற நம்மளுக்கு அந்த வசதி இல்ல. 2026 ஏப்ரல்ல இருந்து புதிய வருமான வரிச் சட்டம், பிரிவு எண்கள் மாறும், அதனால பிரிவு எண்ணே நான் இங்க எழுதல. காசு எப்பவும் பேங்க் வழியா வாங்குங்க. ரெண்டு லட்சம் அல்லது அதுக்கு மேல ரொக்கமா வாங்கினா, வாங்கின தொகை முழுக்க அபராதமாப் போகலாம்.

"அப்போ ஆன்டிக் சில்வர்ல இன்வெஸ்ட் பண்ணலாமா ப்ரோ?"ன்னு கேக்கப் போறவங்களுக்கு: வேண்டாம். வெள்ளி விலை ஏறும்னு நினைச்சா சில்வர் ஈடிஎஃப் இருக்கு, ஃபோன்லயே வாங்கி ஃபோன்லயே விக்கலாம். ஆன்டிக் வாங்கும்போது கைவேலைக்கும் சேர்த்துக் காசு கொடுப்பீங்க, அவசரத்துக்கு விக்கும்போது எடைக்கு மட்டும்தான் கிடைக்கும். 1980 ஜனவரியில அமெரிக்காவுல ஹன்ட் சகோதரர்கள் வெள்ளியை வாங்கிக் குவிச்சு விலை அவுன்ஸுக்கு 50 டாலர் கிட்டப் போனப்போ, அருமையான பழைய சாமான்கள் ஏராளமா உலைக்குப் போச்சு. மார்ச் 27-ம் தேதி விலை சரிஞ்சது. உருக்கினது திரும்பி வரல. பிடிச்சிருக்கா, ஒரே ஒரு ஸ்பூன் வாங்குங்க, முத்திரை படிச்சு வாங்குங்க. அதை போர்ட்ஃபோலியோன்னு சொல்லாதீங்க.

பாகம் எப்படி முடிஞ்சதுன்னு சொல்லணும் இல்ல. தங்கச்சி ஆம்பூர்ல இருந்து வந்தாங்க, ஸ்கூல் டீச்சர். பேப்பரை முழுசாப் படிச்சாங்க. "அண்ணா, டீ செட்டை உருக்குவானா இவன்?"னு என்னைத்தான் கேட்டாங்க. நான் நண்பனைப் பார்த்தேன். அவனுக்கு ஹோம் லோன் இருக்கு, உருக்குற எண்ணம் இருந்தது, மறைக்கல. கடைசியில அவங்க டீ செட்டை எடுத்துக்கிட்டாங்க. பங்குக்கு மேல போன 76 ஆயிரத்தை மூணு தவணையில அண்ணனுக்குக் கொடுக்கறதாப் பேச்சு. என்னைக்காவது அந்த செட் வெள்ளி விலைக்கு மேல வித்தா, கூட வர்றதை ரெண்டுக்கு ஒண்ணுன்னு பிரிச்சுக்கணும்னு ஒரு பக்கத்துல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டாங்க, ஜமாத் பெரியவர் ஒருத்தர் சாட்சி. ஸ்பூனை நண்பன் எடுத்துக்கிட்டான். அவன் விக்கும்போது இருபத்தோராயிரம் வரி இருக்குன்னு நினைவு படுத்தியிருக்கேன்.

தட்டு யாருக்கும் எழுதல. நோன்பு திறந்துட்டு உக்காந்திருந்தோம், தங்கச்சி உள்ளே போய் எல்லாருக்கும் டீ கொண்டுவந்தாங்க. ஒம்போது கிளாஸ், அந்தத் தட்டு மேல. நல்ல கனம், அசையவே இல்ல.